பல் போனால் சொல் போச்சு

இரத்தினபுரி மாவட்டத்துக் கலவானப் பக்கத்தில் மாணிக்கக் குழிக்குள் இறங்கி ஏறிய யாரையும் கேட்டுப் பாருங்கள். இல்லம் எனும் சரளை மண்ணைக் கூடையில் அள்ளித் தண்ணீரில் சுழற்றிச் சுழற்றிக் கழுவும்போது அடியில் தங்குவது கல் மட்டுமில்லை என்பார்கள். சில நாள் கறுத்துப்போன எலும்புத் துண்டு வரும். சில நாள் பல் வரும். கல் முதலாளி கைக்குப் போகும். பல் கழித்த மண்ணோடு மண்ணாகப் போகும்.

எங்கள் லயத்தில் ஒரு மாமா இருந்தார். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டுப் பகலில் குழிக்குப் போவார். ஒருநாள் இரண்டு கை சேர்த்தால்தான் பிடிக்கக்கூடிய அளவில் கறுத்த பல் ஒன்றைக் கொண்டுவந்தார். மேல்பக்கம் முழுவதும் வரிவரியாக மேடும் பள்ளமும். கதவு காற்றில் அடிக்காமலிருக்க முட்டுக் கொடுக்க அது உதவியது. இது எந்த மிருகத்தின் பல் என்று சிறுவனாக நான் கேட்டபோது, "ஒத்தப் பல்ல வச்சுக்கிட்டு என்னத்தடா சொல்ல முடியும்?" என்றார்.

மாமாவின் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. ஆனால் அதே வார்த்தையைப் பின்னாளில் படித்தவர்கள் வாயிலும் கேட்டேன். பட்டதாரி ஆசிரியர்கள் சொன்னார்கள். பத்திரிகைக்கு எழுதுகிறவர்கள் சொன்னார்கள். அவர்களுடைய வாதம் இன்னும் கூர்மையானது: ஒரு பல்லைப் பார்த்து அழிந்துபோன விலங்குக்குப் பெயர் சூட்டுவது ஊகம், பெரிய பெரிய அறிஞர்களே அதில் ஏமாந்திருக்கிறார்கள், முழு எலும்புக்கூடு கிடைக்கும்வரை எதையும் நம்ப வேண்டாம். இந்தக் கருத்து அடக்கமான அறிவுபோலத் தோன்றுகிறது. உண்மையில் இது தவறான கருத்து. எங்கள் சப்பிரகமுவ மண்ணுக்கு ஆண்டாண்டாக நட்டம் உண்டாக்கி வரும் கருத்தும்கூட.

முதலில் நம் ஆட்கள் அறிந்ததிலிருந்தே தொடங்கலாம். மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்கிறார்? மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். இரண்டு பல், நாலு பல், ஆறு பல், கடை முளைத்தது என்று வயதைச் சொல்கிறார். அந்தச் சொல்லை நம்பித்தான் காசு கைமாறுகிறது. யாரும் அதைச் சோதிடம் என்று சொல்வதில்லை. தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான வாய்களைப் பார்த்து ஒப்பிட்டதால் வந்த அறிவு அது. புதைபடிவப் பல்லைப் படிப்பவர் செய்வதும் அதே வேலைதான். அவர் ஒப்பிடுவதற்கு நூதனசாலைகளில் அடுக்கி வைத்த தாடைகள் இருக்கின்றன என்பதே வித்தியாசம்.

பல் ஏன் இவ்வளவு பேசுகிறது? அதன் மேல் பூச்சான பற்சிப்பியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் கனிமம். பாலூட்டியின் உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறு இல்லை. எலும்பு உயிரோடிருக்கும் காலம் முழுவதும் கரைந்து மறுபடி உருவாகிக்கொண்டே இருக்கும். பற்சிப்பி அப்படியில்லை, ஒருமுறை உருவானால் உருவானதுதான். தேயும், உடையும், ஆனால் வடிவத்தை மாற்றிக்கொள்ளாது. பாலூட்டிகளின் கடைவாய்ப்பல்லில் எந்த இடத்தில் மேடு, எந்த இடத்தில் பள்ளம் என்பது இனத்துக்கு இனம் பரம்பரையாக வருவது. ஈரமும் வெப்பமும் எலும்பைத் தின்றுவிடும் எங்கள் மழைக்காட்டு நிலத்தில், கடைசிவரை தாக்குப்பிடிக்கும் சாட்சி பெரும்பாலும் பல்தான். அந்தச் சாட்சியைத் தள்ளிவிட்டு முழு எலும்புக்கூட்டுக்குக் காத்திரு என்பவர், வராத பேருந்துக்குக் காத்திருக்கச் சொல்கிறார்.

இரத்தினபுரிக் குழிகள் தந்த பற்களையே பாருங்கள். நீர்யானையின் கடைவாய்ப்பல் தேய்ந்தால் அதன் மேற்பரப்பில் மூவிலைக் கொத்துப்போன்ற உருவம் தெரியும். காண்டாமிருகத்தின் மேல்கடைவாய்ப்பல்லில் வெளிப்பக்கம் நீளமாக ஒரு சுவர், அதிலிருந்து உள்ளே இறங்கும் இரண்டு குறுக்குச் சுவர்கள். யானையின் பல் தகடு தகடாக அடுக்கி ஒட்டியது. இந்த மூன்றையும் ஒருமுறை பார்த்தவர் பிறகு குழப்பிக்கொள்ள மாட்டார். இன்று இலங்கைக் காடுகளில் நீர்யானையும் இல்லை, காண்டாமிருகமும் இல்லை. அவை இந்த மண்ணில் உலவின என்பதை நமக்குச் சொன்னவை மாணிக்கக் குழிகளிலிருந்து வந்த பற்களும் எலும்புத் துண்டுகளும்தான். கொழும்பு தேசிய நூதனசாலையை நீண்ட காலம் நிர்வகித்த பி. ஈ. பி. தெரணியகல 1930களிலிருந்து அவற்றைத் திரட்டி, விவரித்து, பெயரிட்டார். 1958இல் வெளியான அவருடைய 'இலங்கையின் பிளைஸ்டோசீன்' என்ற ஆங்கில நூல் அந்த உழைப்பின் தொகுப்பு. நம் நீர்யானை சேர்ந்த பேரினத்துக்கு ஆய்வாளர்கள் ஃபால்கனரும் கோட்லியும் 1836இல் வைத்த 'ஹெக்ஸாபுரோட்டொடான்' என்ற பெயரே, முன்வாயில் ஆறு வெட்டும்பற்கள் இருப்பதைக் குறிப்பது. அந்த விலங்கின் அடையாளமே பல்தான்.

அதே ஃபால்கனர்தான் யானைப் பல்லின் தகடுகளை எண்ணி, அழிந்துபோன யானை இனங்களைப் பிரித்துக் காட்டியவர். எங்கள் கதவுக்கு முட்டுக் கொடுத்தது யானைப் பல் என்பதில் இன்று எனக்கு ஐயமில்லை. எந்தக் காலத்து யானை, எந்த வகை யானை என்று மட்டும் சொல்ல முடியாது. அந்த வரிகளை யாரும் எண்ணவில்லை. லயத்தைப் பிரித்துக் கட்டியபோது பல்லும் போய்விட்டது. பல்லால் பேச முடியாமல் போகவில்லை. கேட்க ஆளில்லாமல் போனது.

இப்போது சிங்கத்துக்கு வருவோம். குருவிட்டப் பகுதியில் கிடைத்த இரண்டு பற்களை வைத்து 1939இல் தெரணியகல, இலங்கையில் வாழ்ந்து அழிந்த ஒரு சிங்கத் துணையினத்தை அறிவித்தார். சிங்கத்துக்கும் புலிக்கும் கீழ்க்கடைவாய்ப்பல்லில் நெருங்கிய சாயல் உண்டு. அதனால் ஐயுறவாளர்கள் முதலில் கைவைப்பது இங்கேதான். 2005இல் கெலும் மனமேந்திர ஆரச்சி, ரொஹான் பெத்தியாகொட, ரஜித் திசாநாயக்க, மாதவ மேகஸ்கும்புர ஆகிய நால்வரும் இந்த விடயத்தை மீண்டும் எடுத்தார்கள். தெரணியகல தான் பார்த்தது சிங்கப் பல்தான் என்ற முடிவுக்கு எப்படி வந்தார் என்பதை விளக்கி எழுதவில்லை என்ற குறையை அவர்கள் மறைக்காமல் சுட்டிக்காட்டினார்கள். அதோடு நிற்கவில்லை. இரத்தினபுரிக்குப் பக்கத்தில் 1962இல் கிடைத்த ஒரு கீழ்க்கடைவாய்ப்பல்லையும், குருவிட்ட பட்டதொம்பலென குகையில் 1982இல் கிடைத்த ஒரு விரலெலும்பையும் ஆராய்ந்து, அவை கோடுபோட்ட வேங்கைப் புலியினுடையவை என்று காட்டினார்கள். பெரும்பூனைகளில் இன்று சிறுத்தை மட்டுமே வாழும் இந்தத் தீவில் ஒருகாலத்தில் வேங்கையும் உலவியது அப்படித்தான் வெளிவந்தது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். 1962இல் மண்ணிலிருந்து வந்த பல்லை 2005 ஆய்வு வேங்கையின் பல்லென விவரிக்கிறது. இடையில் 43 ஆண்டுகள். அந்தப் பல் காத்திருந்தது. யாரோ அதை எறியாமல் வைத்திருந்ததால்தான் காத்திருக்க முடிந்தது. அன்று குழியில் நின்ற ஒருவர் "ஒத்தப் பல்லுதானே" என்று விட்டெறிந்திருந்தால், இலங்கையின் வேங்கைக்கு அந்தக் குகையின் விரலெலும்பு ஒன்றே சான்றாக மிஞ்சியிருக்கும்.

படித்தவர்களின் பெரிய ஆயுதம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா கதை. 1922இல் ஹென்றி ஃபேர்ஃபீல்ட் ஆஸ்போர்ன் என்ற பெரிய அறிஞர், தேய்ந்த ஒரே ஒரு பல்லை வைத்து வட அமெரிக்காவில் மனிதக் குரங்கு வாழ்ந்தது என்று அறிவித்தார். 1927இல் அது பன்றியைப் போன்ற ஒரு பழைய விலங்கின் பல் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. உண்மை. நான் மறுக்கவில்லை. ஆனால் தவறு எப்படிப் பிடிபட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அந்தப் பல் எங்கே கிடைத்தது என்பது எழுதி வைக்கப்பட்டிருந்தது. ஆய்வாளர்கள் அதே இடத்துக்குத் திரும்பிப் போய்த் தோண்டினார்கள். வேறு எச்சங்கள் வந்தன. உண்மை தெரிந்தது. அவசரத்தில் விழுந்த தீர்ப்பை ஐந்தே ஆண்டில் திருத்தியது இடக்குறிப்பு. அதே 1927இல் டேவிட்சன் பிளாக் ஒரு கடைவாய்ப்பல்லைப் பார்த்துப் பெக்கிங் மனிதன் என்ற ஆதிமனிதனுக்குப் பெயர் வைத்தார். 1929இல் அதே இடத்தில் மண்டையோடு கிடைத்து அவர் சொன்னது நிலைத்தது. 1935இல் ஹாங்காங்கின் மருந்துக் கடையில் டிராகன் எலும்பு என்று விற்ற பல்லைப் பார்த்து ஃபான் கோனிக்ஸ்வால்ட் ஒரு பெருங்குரங்கை இனம் கண்டார். ஜைகாண்டோபித்திகஸ் என்ற அந்த விலங்குக்கு இன்றுவரை பற்களும் சில தாடைகளும் தவிர வேறு எச்சம் இல்லை. ஆனாலும் 2019இல் அதன் 19 இலட்சம் ஆண்டுப் பல்லிலிருந்து புரதத்தைப் பிரித்தெடுத்து, ஒராங்குட்டானுக்கு உறவு என்று நிறுவிவிட்டார்கள். நெப்ராஸ்காவை மட்டும் சொல்லி மற்ற இரண்டையும் சொல்லாதவர் பாதி வழக்கைத்தான் வாசிக்கிறார்.

அடுத்த ஆயுதம் கடலிலிருந்து வருகிறது: வேளா மீன். நெய்தல் நிலத்து மக்கள் சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை காட்டுகிறதே, அத்தகைய வாள்கொம்பை உடையது வேளா. அதன் கொம்பின் இரு ஓரங்களிலும் வரிசையாக நிற்பவற்றைப் பல் என்கிறோம். உண்மையில் அவை வாய்ப்பற்கள் அல்ல. தோல் செதிலிலிருந்து வளர்ந்த முட்கள். உடல் முழுவதும் குருத்தெலும்பு என்பதால் வேளா இறந்தால் பெரும்பாலும் மிஞ்சுவது அந்த முட்கள்தான். அழிந்துபோன வேளா இனங்களை அவற்றை வைத்தே இனம் காண வேண்டியிருக்கிறது. அங்கே பெரிய தவறும் நடந்திருக்கிறது. 1905இல் ஹோக் என்ற ஆய்வாளர் பெயரிட்ட ஒரு கிரேத்தேசியக் கால மீனின் கொக்கி முட்களை, எகிப்தின் பஹரியாவில் கிடைத்தவற்றோடு சேர்த்து ஆராய்ந்த ஸ்டிரோமர், 1917இல் ஆங்கோபிரிஸ்டிஸ் என்று பெயரிட்டு வேளாக் குடும்பத்தில் வைத்தார். இன்று அது வேளாவே இல்லை, திருக்கை இனங்களில் வேறொரு கிளையைச் சேர்ந்தது என்று தெரிகிறது. ஒரே மீனின் கொம்பிலேயே நுனி முள் ஒரு மாதிரி, அடி முள் ஒரு மாதிரி. குஞ்சுக்கு ஒரு மாதிரி, பெரியதற்கு ஒரு மாதிரி. ஆகவே பல்லை நம்பாதே என்கிறார்கள்.

ஆனால் அந்தத் தவறு எதனால் திருந்தியது? பல்லையே இன்னும் ஊன்றிப் பார்த்ததால். மெய்யான வேளாவின் முள் கொம்பில் உள்ள குழிக்குள் ஆழ ஊன்றியிருக்கும். அடியிலிருந்து வாழ்நாள் முழுவதும் வளரும். விழுந்தால் புதிது முளைக்காது. ஆங்கோபிரிஸ்டிஸின் கிளையில் முள் தோலோடு ஒட்டி நிற்கும். விழுந்து விழுந்து மாற்று முளைக்கும். ஆங்கோபிரிஸ்டிஸின் முள் ஓரத்தில் கொக்கியும் இருக்கும். வேர்ப்பகுதியைப் பார்த்தால் இரண்டும் இரண்டுதான் என்பது தெரிந்துவிடும். இன்றைய வேளாக்களிலும் ஒரு பேரினத்தின் முள்ளில் பின்புறம் நீளப் பள்ளம் ஓடும். மற்றதன் முள் தட்டையாக, முக்கோணமாக இருக்கும், வளர்ந்த மீனில் அந்தப் பள்ளம் இருக்காது. நுனியின் வடிவத்தை மட்டும் பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். வேரையும் சேர்த்துப் பார்த்தவர்கள் திருத்தினார்கள். இதில் குற்றவாளி பல்லா, பார்த்தவரின் அவசரமா?

மூன்றாவது வாதம் எங்கள் ஊரைப் பற்றியது. அதுதான் மிகவும் கனமானது. இல்லம் ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளை. பல காலத்துப் பொருள்கள் அதில் கலந்து கிடக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றால், பானை ஒன்றாக இருக்க வேண்டுமே; பல பானைச் சோற்றைக் கொட்டிக் கிளறிய இடத்தில் ஒரு பருக்கை எதைச் சொல்லும்? நியாயமான கேள்வி. ஆனால் இந்தக் கேள்வி தாக்குவது எதை? எந்த விலங்கு என்ற அடையாளத்தை இது தொடவே இல்லை. எந்தக் காலம், எந்த விலங்கோடு எந்த விலங்கு சேர்ந்து வாழ்ந்தது என்பதைத்தான் தொடுகிறது. சரளை எவ்வளவு கலந்தாலும் நீர்யானைப் பல் காண்டாமிருகப் பல்லாக மாறாது. காலத்தைத் தெளிவாக்க வேண்டுமானால் குழி எது, எத்தனை அடி ஆழம், எந்த மண்படை என்ற குறிப்பு வேண்டும். ஆக, இந்த வாதம் பல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பல்லோடு ஒரு துண்டுக் காகிதத்தையும் சேர்த்து வைக்கச் சொல்கிறது.

ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். தெரணியகல தாம் கண்ட பல விலங்குகளுக்கு 'சிங்களேயுஸ்' என்று பெயரிட்டார். சிங்கத்துக்கும், காண்டாமிருகத்துக்கும், நீர்யானைக்கும் அந்தப் பெயர். அதைப் படிக்கிறவர்கள் இவை உலகில் வேறெங்கும் இல்லாமல் இந்தத் தீவுக்கே உரியவை என்று எண்ணிக்கொள்கிறார்கள். சிங்கத்தின் பல் இன்றைய சிங்கப் பற்களைவிட ஒடுங்கி நீண்டிருக்கிறது என்பதுதான் தனித் துணையினத்துக்கு அவர் தந்த காரணம். ஓரிரண்டு பல்லை வைத்து அவ்வளவு தூரம் போகலாகாது. ஒரே இனத்துக்குள் ஆளுக்கு ஆள் வேறுபாடு எவ்வளவு என்று தெரியாமல் தனித்தன்மையை நிறுவ முடியாது. கடல் மட்டம் தாழ்ந்த பனியுகங்களில் இந்தத் தீவும் இந்தியாவும் ஒரே நிலமாக இருந்தன. சிங்கமும் வேங்கையும் யானையும் கால்நடையாக வந்து போன நிலம் அது. அவற்றுக்கு எந்த மொழியும் எந்தக் கொடியும் இல்லை. ஆகவே பெயரின் மீது எவ்வளவு ஐயம் வேண்டுமானாலும் கொள்ளுங்கள். அந்த ஐயத்தைப் பல்லின் மேல் இறக்கி வைக்காதீர்கள். 'இது சிங்கம்' என்பது ஒரு கூற்று. 'இது இலங்கைக்கே உரிய சிங்கம்' என்பது வேறொரு கூற்று. முதல் கூற்றைத் தாங்கும் பலம் பல்லுக்கு உண்டு.

பல் பெயரோடு நின்றுவிடுவதும் இல்லை. 2015இல் ஆய்வாளர் பேட்ரிக் ராபர்ட்ஸ் குழுவினர் பட்டதொம்பலென, பாஹியன்லென போன்ற இடங்களில் கிடைத்த 26 ஆதிமனிதர்களின் பற்சிப்பியில் உள்ள காபன், ஒட்சிசன் அணுக்களின் வகைகளை அளந்தார்கள். மழைக்காட்டில் மனிதன் நிலையாக வாழ முடியாது என்று பலர் நம்பிய காலம் போய், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன்பிருந்தே இவர்கள் காட்டு உணவை நம்பியே வாழ்ந்தார்கள் என்பது அந்தப் பற்களால் நிலைபெற்றது. பட்டதொம்பலென இருப்பது நம் இரத்தினபுரி மாவட்டத்தில். சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் வாழும் நாம், இந்தக் காட்டை மனிதன் எப்படி நம்பி வாழ்ந்தான் என்பதை அறிந்துகொண்டது பல்லின் சொல்லால்.

இவ்வளவு இருந்தும் இந்தத் தவறான கருத்து ஏன் சாகவில்லை? காரணம் குழிக்குள் இருக்கிறது. குழியில் இறங்குகிறவருக்கு நிலையான சம்பளம் பெரிதாக இல்லை; கல் விற்றால் வரும் பங்குதான் நம்பிக்கை. பல்லுக்குப் பங்கு இல்லை. ஒரு பல்லைப் பத்திரப்படுத்த வேலையை நிறுத்தினால், தண்ணீர் இறைக்கும் மோட்டாரின் எண்ணெய்ச் செலவு ஏறுகிறது. கூட நிற்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே "ஒத்தப் பல்லால் ஒன்றும் தெரியாது" என்பது எல்லோருக்கும் வசதியான வாக்கியம். முதலாளிக்கு வேலை நிற்காது. தொழிலாளிக்கு மனம் உறுத்தாது. படித்தவருக்குத் தேடிப் போகும் சிரமம் இல்லை. வசதி வேறு, உண்மை வேறு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தெரணியகலவின் பெயர் நூல்களில் இருக்கிறது. இருக்கட்டும், அது அவருடைய உழைப்புக்கு உரியது. ஆனால் ஒவ்வொரு பல்லையும் முதலில் தொட்ட கை குழிக்குள் சேற்றில் நின்ற கை. அந்தக் கைகளின் பெயர் எங்கும் இல்லை. பல்லுக்கு மதிப்பில்லை என்று சொல்லும்போது அந்தக் கைகளின் அறிவுக்கும் மதிப்பில்லை என்று சேர்த்துச் சொல்கிறோம். கறுத்த கூழாங்கல்லுக்கும் கறுத்த பல்லுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேற்றுத் தண்ணீரில், ஒரு நொடியில், விரலால் அறிகிறவர் எந்த ஆய்வாளருக்கும் குறைந்தவர் இல்லை.

குழி உரிமம் பெற்ற முதலாளிமாரிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. குழிக் கொட்டிலில் ஒரு சாக்கும் ஒரு கொப்பியும் வையுங்கள். பல்லோ எலும்போ வந்தால் தேய்த்துக் கழுவாமல் நிழலில் காயவிட்டு, காகிதத்தில் சுற்றி, குழியின் பெயர், ஆழம், மண்படை, நாள், கண்டெடுத்தவரின் பெயர் ஆகிய ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். இரத்தினபுரியில் எஹெலேபொல வளவில் தேசிய நூதனசாலை இருக்கிறது. கலவானயிலிருந்து பேருந்தில் போய் வரும் தூரம்தான். தோட்டப் பாடசாலை ஆசிரியர்களே, பிள்ளைகளை ஒருமுறை அங்கே கூட்டிப் போங்கள். யானைப் பல்லின் தகடுகளை அவர்கள் விரலால் எண்ணிக் காட்டட்டும். வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் மாமாவிடமும் சொல்ல வேண்டியதை அவர்களே சொல்லிக்கொள்வார்கள்.

குழிக்குள் நிற்கும் அண்ணன்மாரே, நாளைக்கு இல்லம் கழுவும்போது கூடையின் அடியில் கறுத்த பல் ஒன்று தங்கினால், அதை மண்மேட்டில் எறியாதீர்கள். கரையில் எடுத்து வையுங்கள். அது வந்த ஆழத்தை எழுதி வையுங்கள். பக்கத்தில் உங்கள் பெயரையும் எழுதுங்கள்.